உயரம் தப்பா, கருவி தப்பா?

சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தின் உயரத்தை அளப்பது சுலபம். தாவரவியல் பூங்காவில் புல்வெளி இருக்கிறது, வேண்டிய தூரம் தள்ளிப் போய் நிற்கலாம். புக்கிட் தீமா காட்டில் கொஞ்சம் நகர்ந்தாலே இலைகள் உச்சியை மறைத்துவிடும். கிட்டவே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கருவியின் சின்னப் பிழை பெரிதாவது அங்கேதான்.

கண்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர் உயர்ந்த ஒரு மரம். உச்சியைப் பார்க்கும் கோணத்தை அளக்கும் உங்கள் கிளினோமீட்டர் ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிறது. 30 மீட்டர் தள்ளி நின்றால் உயரம் ஒரு மீட்டர்போலக் கூடும். அதே மரத்தை 15 மீட்டரிலிருந்து பார்த்தால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் கூடிவிடும்.

இந்த ஒரு டிகிரியைக் கண்டுபிடிக்கத்தான் பலர் தவறான வழியில் போகிறார்கள். எதிரே நிற்கும் நண்பரின் கண்ணைப் பார்த்து, பூஜ்யம் வந்தால் கருவி சரி என்று முடிவுகட்டுவார்கள். நண்பரின் உயரமும் தரையின் சரிவும் அந்தப் பூஜ்யத்துக்குள் கலந்திருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். இரண்டு தூண்களில் கண் உயரத்தில் டேப் ஒட்டுங்கள். முதல் தூணின் அடையாளத்தோடு கருவியை ஒட்டிப் பிடித்து இரண்டாவதைப் பாருங்கள், அப்புறம் அங்கிருந்து திரும்பிப் பாருங்கள். இரண்டு அளவும் சமமாக, எதிர்க்குறியோடு வர வேண்டும். ஒரு பக்கம் +3, மறுபக்கம் −1 வந்தால், கூட்டினால் +2. அதில் பாதி, +1, கருவியின் பிழை. அடையாளங்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டாலும் கணக்கு மாறாது. திரவம் நிரப்பிய கருவியைத் திறந்து சரிசெய்யப் போகாதீர்கள். பிழையை உறைமேல் எழுதி ஒட்டி, ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொண்டால் போதும்.

ஒரு கண் அளவுகோலிலும் மறு கண் மரத்திலும் இருக்கும் வகைக் கருவியில், கண்ணே ஏமாற்றலாம். சிலருக்கு இரு கண்களின் பார்வைக்கோடும் ஒரே மட்டத்தில் அமைவதில்லை. அதனால் ஒருவர் செய்த சோதனையை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுகோலில் டிகிரியையும் சரிவின் சதவீதத்தையும் குழப்புவது தனிக் கதை: 45 டிகிரி என்பது 100 சதவீதம்.

லேசர் தூரமானியை டேப்பால் அளந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். சரியாக வந்தாலும், காட்டில் அது குறுக்கே ஆடும் இலையின் தூரத்தைச் சொல்லக்கூடும். ஒலியால் தூரம் அளக்கும் ஒலியலைக் கருவிக்கு நம் ஏர்கான்தான் எதிரி. ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுவதால், குளிர் அறையிலிருந்து எடுத்த கையோடு சரிபார்த்தால் அந்தத் தவறே கருவிக்குள் பதிந்துவிடும். வெளியே கால் மணி நேரம் கிடக்கட்டும். லென்ஸில் படியும் ஈரமும் அதற்குள் போய்விடும். அவசரப்பட்டுச் சட்டை நுனியால் துடைக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும், நனைந்த உறையோடு அலமாரியில் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரியில்) இதற்கும் ஓர் இடம் கேட்டு வாங்குங்கள்.