ஏ/எல் பெறுபேறு வருமுன்: பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஆயத்தமாவது எப்படி

பெறுபேறு வந்த கிழமை யாழ்ப்பாணத்துக் கொமினிகேசன் கடைகளில் நெரிசலாக இருக்கும். பிள்ளை போனில் தெரிவுக்கு எடுக்கும் இசட் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும், அப்பா கைநூலைப் புரட்டுவார், கடைக்காரத் தம்பி "அடுத்த விருப்பம் என்ன போட?" என்று கேட்பார். நாலைந்து வருடப் படிப்பையும் அதற்குப் பிறகு வரும் வேலையையும் முடிவுசெய்யும் பட்டியலை அந்தப் பத்து நிமிடத்தில் எழுதக் கூடாது. விண்ணப்ப காலம் சில வாரங்கள்தான். அதனால் பெரும்பகுதி வேலையைப் பெறுபேறு வருமுன்னே முடித்துவிட வேண்டும். தரம் 12, 13 பிள்ளைகளும் பெற்றோரும் அதை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்று இங்கே எழுதியிருக்கிறோம்.

படி 1: உங்கள் பாடங்கள் எந்தக் கதவைத் திறக்கும் என்று பாருங்கள்

இதை ஓ/எல் முடிந்தவுடனேயே பார்க்க வேண்டும். ஏ/எல் எழுதிய பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தால் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. அதற்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டுத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவருக்குப் பொறியியல் கிடைக்காது. ஆனால் கணினி சார்ந்த பல பாடநெறிகள் அவருக்குத் திறந்திருக்கும். இரண்டு சேர்க்கையும் பிழையல்ல. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில பாடநெறிகள் ஓ/எல் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ குறித்த தரச் சித்தியைக் கேட்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு பாடநெறிக்கும் கீழே தகைமை எழுதியிருக்கும். போன வருடக் கைநூலை ஆணைக்குழுவின் இணையத்தளத்திலிருந்து இப்போதே இறக்கி, நீங்கள் நினைக்கும் பத்துப் பாடநெறிகளின் தகைமையை மட்டும் வாசியுங்கள். விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டுக் கைநூலோடு திரும்ப ஒருக்கால் ஒப்பிட வேண்டும். தகைமை வருடத்துக்கு வருடம் மாறுவதுண்டு.

படி 2: தெரிவு எப்படி நடக்கிறது

அடிப்படைத் தகுதி இரண்டு. ஒரே அமர்வில் மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் சித்தி, ஏ/எல்லோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இந்த இரண்டாவதை ரியூட்டரியிலும் வீட்டிலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாலும் 30 வராவிட்டால் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. பழைய வினாத்தாள்கள் நாலைந்தை நேரம் வைத்துச் செய்து பாருங்கள்.

இசட் புள்ளியை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. இரசாயனவியலில் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் சராசரி 40, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) 12 என்று வையுங்கள். நீங்கள் எடுத்தது 58. சராசரியை விட 18 கூட. 18ஐ 12ஆல் வகுத்தால் 1.5. பௌதிகவியலில் சராசரி 45, விலகல் 15, உங்கள் புள்ளி 60 என்றால் 1.0. உயிரியலில் சராசரி 50, விலகல் 16, உங்கள் புள்ளி 66 என்றால் அதுவும் 1.0. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க 1.1667 வரும். குறைந்த புள்ளி எடுத்த இரசாயனவியல்தான் இங்கே கூடத் தூக்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். எல்லாருக்கும் கடினமான வினாத்தாளில் சராசரிக்கு மேலே நிற்பது பெரிய இலாபம். "கெமிஸ்ரி வராது, பயோவைப் பிடிப்பம்" என்று ஒரு பாடத்தைக் கைவிடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள்.

பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் தரவரிசைப்படி நிரப்பப்படும். 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும். மிச்சம் 5 சதவீதம் கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அதனால்தான் ஒரே பாடநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவாகத் தேவைப்பட்ட மிகக் குறைந்த இசட் புள்ளி, வேறாக இருக்கிறது. கொழும்பிலுள்ள மச்சானின் வெட்டுப்புள்ளியை வைத்து உங்களுக்குக் கணக்குப் போட வேண்டாம்.

மாவட்டத்தைத் தீர்மானிப்பது நீங்கள் படித்த பாடசாலை. அதற்கு மூன்று வருடக் காலம் பார்க்கப்படும். கிளிநொச்சியில் ஓ/எல் எழுதி யாழ்ப்பாணத்துக்கு ஏ/எல் படிக்க வந்த பிள்ளைக்கு இது சிக்கலாகலாம். அப்படிப்பட்டவர்கள் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, படித்த ஒவ்வொரு பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் எடுத்து வைக்க வேண்டும்.

படி 3: ஆவணக் கோப்பு

ஒரு பிளாஸ்ரிக் கோப்பு வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டைப் பிரதி, ஓ/எல் பெறுபேறு, விடுகைப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்த வீடுகள் எங்களிடையே உண்டு. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம், ஆனால் பெறுபேறு வந்த பிறகு ஓட வேண்டாம்.

கோப்பு சேர்ந்ததும் எல்லாத் தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை மட்டும் எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது அடையாள அட்டையில் "தர்சிகா"வுக்கு ஓர் எச் கூடியிருக்கும், ஓ/எல் சான்றிதழில் இராது. ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும், இன்னோரிடத்தில் முழுப்பெயராகப் பின்னே நிற்கும். பரீட்சைத் திணைக்களத்திடம் இருக்கும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் பொருந்தாவிட்டால் பதிவின்போது விளக்கக் கடிதமும் சத்தியக் கடதாசியும் என்று அலைய வேண்டி வரும். திருத்துவதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம் என்பதால் தரம் 12இலேயே கவனியுங்கள்.

வருமானச் சான்று மகாபொல புலமைப்பரிசில், உதவு பண (பேர்சரி) விண்ணப்பங்களுக்குத் தேவைப்படும். விதானையாரிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள்.

பிள்ளையின் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சலும், கைமாறாத ஒரு போன் இலக்கமும் வேண்டும். கொமினிகேசன் கடைக்காரரின் மின்னஞ்சலில் விண்ணப்பம் போட்டால், கடவுச்சொல்லை மீட்க வேண்டிய நாளில் அந்தக் கடை பூட்டிக் கிடக்கலாம். கடவுச்சொல்லைக் கோப்பின் உள் அட்டையில் பேனையால் எழுதி ஒட்டுங்கள்.

படி 4: விருப்பப் பட்டியல்

இங்கேதான் கூடுதலாகப் பிழை நடக்கிறது. ஒரு பெரிய கொப்பித் தாளில் நாலு நிரல் கீறுங்கள். முதல் நிரலில் பாடநெறிக் குறியீடு. அதில் முதலில் வரும் மூன்று இலக்கம் பாடநெறியைக் குறிக்கும், மருத்துவம் 001 என்பது போல. பின்னால் வரும் ஆங்கில எழுத்து பல்கலைக்கழகத்தைக் குறிக்கும். அந்த ஓரெழுத்து பிழைத்தால் நீங்கள் கேட்ட யாழ்ப்பாணம் வேறெங்கோ போய்விடும். இரண்டாம் நிரலில் பாடநெறியின் பெயரும் இடமும். மூன்றாவதில் உங்கள் மாவட்டத்தின் கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிகள். நாலாவதில் பிள்ளை தன் கையால் எழுத வேண்டிய ஒரு வரி: "இது கிடைத்தால் போவேனா?"

இடத்தைச் சரியாக எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் திருநெல்வேலியில் இல்லை. பொறியியல், விவசாயம், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. சித்த மருத்துவம் கைதடியில், இசையும் நடனமும் மருதனார்மடத்தில். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகத்துக்குத் தனி எழுத்து உண்டு. பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் இங்கே சறுக்கும்.

இனி வரிசை. "மேலே பெரிய பாடநெறியைப் போட்டால் சந்தர்ப்பம் வீணாகும், கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அது பிழை. உங்கள் முதலாவது விருப்பத்துக்கு இசட் புள்ளி காணாவிட்டால் இரண்டாவது பார்க்கப்படும், அதற்கும் காணாவிட்டால் மூன்றாவது. மேலே ஒன்றை எழுதி அது கிடைக்காமல் போனதால் கீழே உள்ளதில் உங்கள் இடம் குறையாது. ஆனால் ஒரு விருப்பத்துக்குத் தெரிவாகிவிட்டால் அதற்குக் கீழே எழுதியவை அத்தோடு முடிந்தன. பிறகு வெற்றிடம் நிரப்பும்போதும் மேலே எழுதியவற்றுக்குத்தான் உங்களை உயர்த்துவார்கள்.

ஒரு பிள்ளைக்குச் சித்த மருத்துவம்தான் மனதில். வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விவசாயத்தை மேலே போட்டு, சித்த மருத்துவத்தைக் கீழே எழுதுகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் போதிய புள்ளி இருந்தாலும் விவசாயம்தான் கிடைக்கும். மாற்றித் தரச் சொல்லி யாரிடம் கேட்டாலும் நடக்காது, பிள்ளையே எழுதிய வரிசை அது.

ஆகவே ஆசைப்படும் ஒழுங்கில் எழுதுங்கள். வெட்டுப்புள்ளி நிரல் வேறொரு தேவைக்கு: பட்டியலின் அடியில் உங்கள் புள்ளிக்குத் தெளிவாகக் கீழே இருக்கும் சில பாடநெறிகளாவது இருக்கின்றனவா என்று பார்க்க. மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை ஒப்பிட்டால் அவை கூடிக் குறைவது தெரியும், அதனால் ஒரு வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாலாவது நிரலில் "போகமாட்டேன்" என்று எழுதியது எதையும் விண்ணப்பத்தில் போடாதீர்கள். சும்மா ஒன்று கிடக்கட்டும் என்று எழுதியது கிடைத்து, அதில் பதிந்துவிட்டால் அடுத்த முறை ஏ/எல் எழுதி வேறொன்றுக்குப் போவதை அது தடுக்கலாம். பதியுமுன் கைநூலில் அந்தப் பகுதியை வாசியுங்கள். பல்கலைக்கழகத் தெரிவுக்கு ஏ/எல் மூன்று தடவைதான் எழுதலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தத் தாளைப் பிள்ளை தனியாக ஒருமுறை எழுதட்டும். பிறகு சேர்ந்திருந்து கதையுங்கள். முதலே நீங்கள் எழுதிக் கொடுத்தால் நாலாவது நிரலில் உண்மை வராது.

படி 5: உளச்சார்பு, செயன்முறைப் பரீட்சைகள்

கட்டடக்கலை, வடிவமைப்பு, உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானம், சங்கீதம், நடனம், மொழிபெயர்ப்பு போன்ற பாடநெறிகளுக்கு இசட் புள்ளி மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலில் குறியீட்டைப் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் விட்டால் அந்த வரி செல்லாது. பத்திரிகை விளம்பரத்தையும் பல்கலைக்கழக இணையத்தளத்தையும் கிழமைக்கு ஒருக்கால் பாருங்கள்.

படி 6: விண்ணப்பிக்கும் நாள்

கடைசி மூன்று நாளுக்கு விடாதீர்கள். தளம் இழுக்கும், மின்சாரமும் போகலாம். கொப்பித் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் குறியீட்டைச் சத்தமாக வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்யட்டும். முடிந்ததும் மாறி இருந்து திரையிலிருந்து வாசியுங்கள். சமர்ப்பித்த படிவத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். கையொப்பமிட்டு அனுப்பச் சொல்லியிருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை அச்சுப் பிரதியோடு பின் பண்ணுங்கள்.

மீளாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாலும் அதன் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. கையிலுள்ள பெறுபேற்றோடு முடிவுத் திகதிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 7: காத்திருக்கும் மாதங்கள்

வெட்டுப்புள்ளி வெளியாக மாதங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் குருநகர் உயர்தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா, கொக்குவிலில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகம், அறிவியல் நகரின் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம், தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஆகியவற்றையும் பாருங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் திகதி. கல்வியியற் கல்லூரிக்கு வர்த்தமானி அறிவித்தல் வரும். தெரிவு வந்தால் பதிவுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு, அறிவித்தல் மின்னஞ்சலுக்கோ போனுக்கோதான் வரும். படி 3இல் எழுதிய இலக்கத்தின் சிம்மை அதுவரை மாற்றாதீர்கள்.