சோம்லியே பரீட்சைக்குப் போறீங்களா? வாயை மூடிட்டுப் பழகாதீங்க

கோயமுத்தூர் அவினாசி ரோட்டு ஓட்டல்கள்ல வேல பாக்கற பசங்க நெம்பப் பேரு இப்ப சர்டிஃபைட் சோம்லியே (ஓட்டல்ல ஒயின் தேர்ந்து பரிமாறற ஆள்) பரீட்சைக்குப் படிக்கறாங்க, நல்ல விசயந்தானுங்க, ஆனா அவங்க ப்ராக்டீஸ் பண்றதப் பாத்தா நாங்க அந்தக் காலத்துல பண்ணுன அதே கூத்து. கிளாஸ்ல கைரேகை, கசங்குன சட்டை இதெல்லாம் நான் சொல்லல, உங்க கேப்டனே திட்டுவாரு.

எந்தப் பரீட்சைனு தெரியாம பணம் கட்டறது

ஒயின் படிப்பு நடத்தற டபிள்யூஎஸ்இடியோட லெவல் 3ல தியரியும் டேஸ்டிங்கும் தான், யாரும் ட்ரே தூக்கச் சொல்ல மாட்டாங்க. சோம்லியேக்களுக்குப் பரீட்சை வைக்கற கோர்ட் ஆஃப் மாஸ்டர் சோம்லியர்ஸோட சர்டிஃபைட்ல சர்வீசும், அதாவது மேசைல பரிமாறிக் காட்டறதும் உண்டு, மூணுலயும் தனித்தனியா 60 சதவீதம் வாங்கோணும்.

வாயத் தொறக்காம பாட்டிலத் தொறந்து பழகறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுலதானுங்க. வீட்ல தனியா நின்னு ஃபாயில் வெட்டி, கார்க்கக் கட்டியிருக்கற கம்பியத் தளத்தி, கார்க்க எடுத்துட்டு "சர்வீஸ் வந்துருச்சுங்ணா"ங்கறாங்க. பரீட்சைல நீங்க ஷாம்பெயின் தொறக்கும்போதே எக்ஸாமினர் காக்டெயில் கேப்பாரு, ஆட்டுக்கறிக்கு எந்த ரெட்டுனு கேப்பாரு, கேள்வி வந்ததும் ஒண்ணு கை நின்னுரும், இல்லைனா வாய் நின்னுரும்.

திருப்பூர்ப் பையன் ஒருத்தன், 1855ல போர்டோ ஒயின்களத் தரம் பிரிச்ச லிஸ்ட்ட தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான், மூட்டோன்ங்கற ஒயின் 1973ல தான் முதல் தரத்துக்கு ஏறுச்சுங்கறது வரைக்கும். மாக் டெஸ்ட்ல கம்பி தளந்தாச்சு, "நெக்ரோனி காக்டெயில்ல என்ன இருக்கு தம்பி"ன்னேன். ஜின், கம்பாரி, ஸ்வீட் வெர்மூத்னு விரல் விட்டு எண்ணுனான் பாருங்க, எண்றதுக்கு எடுத்தது கார்க்க அமுக்கிட்டு இருந்த கட்டை விரல! உள்ள கிட்டத்தட்ட 6 அட்மாஸ்ஃபியர் பிரஷர், கார் டயர்ல இருக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல. கார்க் ட்யூப் லைட்ட ஒரசிட்டுப் போச்சு, பாட்டில் வேற வெயில்ல பைக்ல வந்தது, பாதி நுரையா மேசை மேல. பதில் என்னமோ சரிதான், எனக்குத்தான் சட்டை போச்சு.

கம்பி தளந்த நிமிசத்துல இருந்து கார்க் வர்ற வரைக்கும் விரல எடுக்கவே கூடாது. 45 டிகிரி சாய்ச்சு, ஆள் இல்லாத பக்கமாப் பாத்து, கார்க்க இறுக்கிப் புடிச்சுட்டு பாட்டிலத் திருகோணும். அக்காவோ மச்சானோ யாரையாவது கேள்விப் பேப்பரோட உக்கார வைங்க, பழைய பாட்டில்ல சிறுவாணித் தண்ணி ஊத்தி, டேபிளச் சுத்தி வலது பக்கமா நின்னு ஊத்திட்டே பதில் சொல்லுங்க, அவங்க சிரிச்சாலும் நிறுத்தாதீங்க. நிச ஸ்பார்க்ளிங் (நுரைக்கற) ஒயினுக்கு நாலு பேர் காசு போட்டு சுலா ப்ரூட் வாங்கி நல்லா சில் பண்ணித் தொறங்க.

சத்தம்

டப்புனு வரக்கூடாது. கல்யாண வீடு இல்ல.

டேஸ்டிங் அன்னிக்கு சென்ட்

வேண்டாம். மல்லிப்பூவும் வேண்டாம் அம்மிணி.

ஒயின் மட்டும் படிக்கறது

பீர், ஜப்பான் அரிசி மதுவான சாக்கே, ஸ்பிரிட் எல்லாம் கேப்பாங்க.

கடன் வாங்குன வைன் கீ

கார்க் எடுக்கற அந்தக் கருவியோட ஸ்க்ரூ முனை வளைஞ்சிருந்தா கார்க் பாதில நொறுங்கும், உங்க கைக்குப் பழகுனதையே எடுத்துட்டுப் போங்க.