ஆகன் நகரில் முதல் அரையாண்டு: புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு

ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய இரண்டு நாடுகளின் எல்லைகளையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஆகன் நகருக்கு, ஆர்.டபிள்யூ.டி.எச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக ஆண்டுதோறும் தமிழ் மாணவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் விடுதியில் தங்கி இளங்கலைப் பொறியியல் படித்தவர்கள். நுழைவாயில், மதில்சுவர், வார்டன், மெஸ், வருகைப் பதிவேடு என்று ஒரு கல்லூரி தன் மாணவரை எப்படி வளைத்து வைத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். இங்கே அவற்றில் ஒன்றும் கிடையாது. துறைக் கட்டடங்கள் நகரத் தெருக்களுக்குள் கலந்து நிற்கின்றன. நீங்கள் வகுப்புக்கு வந்தீர்களா, சாப்பிட்டீர்களா, தேர்வுக்குப் பெயர் கொடுத்தீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக இந்த நாடு உங்களிடம் எதிர்பார்ப்பது ஒரு முகவரியும், அந்த முகவரியில் சரியாக எழுதப்பட்ட ஒரு பெயரும். வங்கிக் கணக்கு, காப்பீடு, வரி எண், வதிவிட அனுமதி எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால், முதல் மாதத்தில் உங்கள் கவனத்தில் பாதி இவற்றின்மேல் இருக்கட்டும்.

பெட்டி கட்டும்போதே ஒரு விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பால்பொருள்களும் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. ஆகையால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் தேவைப்படாத பழங்களின் சிறிய பட்டியலில் தேங்காயும் வாழைப்பழமும் இருக்கின்றன. பொடி வகைகள், புளி, வற்றல் ஆகியவற்றுக்குச் சிக்கல் வராது. மின்னழுத்தம் இரு நாடுகளிலும் 230 வோல்ட் என்பதால் மிக்ஸி இங்கே ஓடும்; பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். கம்பளி உடைகளை ஊரில் வாங்கிச் சுமக்காதீர்கள். இந்த நகரத்தில் உங்களுக்கு அன்றாடம் உதவப்போவது தண்ணீர் புகாத மேலங்கியும் காலணியும்தான். அவை இங்கேயே, இந்த மழைக்கென்றே செய்யப்பட்டவையாகக் கிடைக்கும்.

ஆகனில் விமான நிலையம் இல்லை. பிராங்க்பர்ட், டுசல்டார்ஃப், பிரஸ்ஸல்ஸ் ஆகிய ஏதாவது ஒன்றில் இறங்கி ரயிலில் வரவேண்டும். எந்தக் கிழமையில் வந்து சேர்கிறீர்கள் என்பது டிக்கெட் விலையைவிட முக்கியம். மாணவர் விடுதி அறையின் சாவி, ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடப் பொறுப்பாளரிடம் இருக்கும். அவருக்கென்று வேலை நேரம் உண்டு, சனி ஞாயிறுகளில் அவரை எதிர்பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை இரவு மூன்று பெட்டிகளுடன் வந்து இறங்குபவருக்குத் திங்கட்கிழமை வரை ஓட்டல் செலவுதான். வாரத்தின் முதல் நாள்களில், பகலில் வந்து சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்வதும், வரும் நாளை முன்கூட்டியே மின்னஞ்சலில் அவருக்குத் தெரிவிப்பதும் நல்லது.

விடுதி என்றதும் பல்கலைக்கழகம் ஒதுக்கித் தருவது என்று எண்ணவேண்டாம். அறைகளை நடத்துவது ஸ்டூடியரெண்டன்வெர்க் என்னும் தனி அமைப்பு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், காத்திருப்போர் வரிசையும் நீளமானது. குளிர்கால அரையாண்டின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும்போது நகரமே அறை தேடிக்கொண்டிருக்கும் என்பதால், அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன்பே விண்ணப்பித்து வைப்பவர்கள்தான் பிழைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வேகே எனப்படும் பகிர்வு வீடுகளில் ஓர் அறை பிடிக்கிறார்கள். அங்கே விளம்பரத்தில் காணும் வாடகை, சூடாக்கமும் தண்ணீரும் சேராத கால்ட்மீட்டவா, அவை சேர்ந்த வார்ம்மீட்டவா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்குப் போடுங்கள். முன்பணமாக மூன்று மாதக் கால்ட்மீட்டவரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுபவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். எவ்வளவு அழகான வீட்டின் படத்தைக் காட்டினாலும் இந்த முடிவை மாற்றிக்கொள்ளவேண்டாம்.

பேருந்தில் ஏறினால் வந்துவிடும் டச்சு ஊரான ஃபால்ஸில் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். ஐரோப்பியக் குடிமக்களுக்கு அது சரியான யோசனை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஜெர்மன் விசா, டச்சு மண்ணில் குடியிருக்கும் உரிமையைத் தராது.

அறையை உங்களிடம் ஒப்படைக்கும்போது ஒரு படிவத்தில் அதன் நிலையைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார்கள். சுவரில் ஆணித் துளை, கதவில் கீறல், மேசையில் கறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுத்து வையுங்கள். ஈராண்டு கழித்து நீங்கள் காலி செய்யும்போது அவர்கள் முன்பணத்தில் கை வைப்பதற்கு அந்தப் படிவம்தான் ஆதாரம். தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்றையும் எடுத்துவிடுங்கள். விடுதிச் சாவி தொலைந்தால் பூட்டுத் தொகுதி முழுவதையும் மாற்றவேண்டியிருக்கலாம் என்பதும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எடுக்கும்போது சாவி இழப்பும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பெயர் விஷயம். ஜெர்மன் அடுக்ககங்களில் வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை மட்டுமே. நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. சிலருடைய பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பாவின் பெயர் அங்கே ஏறியிருக்கும். இதனால் பல்கலைக்கழகம் ஒரு வகையாகவும், வங்கி இன்னொரு வகையாகவும் உங்களை எழுதிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. விசாவில் எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். தபால் பெட்டியில் உங்கள் பெயர், அப்பாவின் பெயர் இரண்டையும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஊரில் வயலில் நிற்கும் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி 'ஹேர் முருகேசன்' (திரு. முருகேசன்) என்று உங்களை விளித்துக் காப்பீட்டு நிறுவனம் கடிதம் எழுதத்தான் போகிறது. அந்தக் கடிதம் பெட்டியில் விழவேண்டுமானால் அவர் பெயரும் அங்கே இருந்தாகவேண்டும். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும். வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் அப்படியே தபாலில்தான் வரும். பெயர் ஒட்டாத பெட்டி என்றால் இவை அனைத்தும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஏன் இன்னும் வரவில்லை என்று நீங்கள் வாரக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். இதற்குப் பெயர் அன்மெல்டுங். பாஸ்போர்ட்டுடன், நீங்கள் அங்கே குடிவந்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் அல்லது விடுதி நிர்வாகம் கையெழுத்திட்ட உறுதிக் கடிதமும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அன்மெல்டுங் தரமுடியாது என்று சொல்லும் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எடுக்காதீர்கள். பதிவுத் தாள் கையில் கிடைத்ததும் வங்கிக் கணக்கு திறக்கலாம். அந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்த பிறகே விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்ட் என்னும் முடக்கிவைத்த கணக்கில் நீங்கள் கட்டிவைத்த பணம் மாதந்தோறும் வரத் தொடங்கும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. இந்தச் சங்கிலி முழுமையடைய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகக்கூடும் என்பதால், முன்பணத்துக்கும் முதல் இரண்டு மாதச் செலவுக்கும் வேண்டிய பணத்தைத் தனியாகக் கொண்டுவருவது அவசியம்.

விசாவின் காலம் பெரும்பாலும் சில மாதங்களே. அது முடியுமுன் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஆர்.டபிள்யூ.டி.எச் மாணவர்களுக்கென்று வெளிநாட்டவர் அலுவலகத்தின் கிளை ஒன்று, நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சூப்பர் சி கட்டடத்தில் இயங்கிவருகிறது. அங்கே சந்திப்பு நேரம் கிடைப்பதுதான் கடினம். வந்த வாரத்திலேயே முயலத் தொடங்குங்கள். விண்ணப்பித்ததற்கான எழுத்துச் சான்று ஒவ்வொன்றையும் சேமித்து வையுங்கள். காலாவதிக்கு முன் விண்ணப்பித்துவிட்டீர்கள் என்று காட்டமுடிவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

விடுதி வாழ்க்கையில் உரசல் பெரும்பாலும் பொதுச் சமையலறையில்தான் தொடங்குகிறது. கடுகும் வரமிளகாயும் எண்ணெயில் விழுந்ததும் எழும் புகை, கூரையில் இருக்கும் எச்சரிக்கைக் கருவிக்கு நெருப்பாகவே தெரியும். கட்டடத்தின் அலாரம் நேரடியாகத் தீயணைப்பு நிலையத்துடன் இணைக்கப்பட்டிருந்தால் வண்டியே வந்து நிற்கும், கட்டணமும் கேட்கப்படலாம். முதலில் சன்னலை அகலத் திறந்து, நடைபாதைக் கதவைச் சாத்தி, புகைபோக்கியை ஓடவிட்டு, அதன் பிறகு சிறு தீயில் மூடி போட்டுத் தாளியுங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம் என்பதால் குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் அப்போது இடமில்லை. குளிர்காலத்தில் சன்னலை இறுக மூடிக்கொண்டு சோறு வடித்து, துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் சுவரில் பூஞ்சை படரும். அதற்கு வீட்டுக்காரர் உங்களைத்தான் பொறுப்பாக்குவார். எவ்வளவு குளிரானாலும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், சன்னலை முழுவதும் திறந்து காற்றை மாற்றவேண்டும். குப்பையைப் பிரித்துப் போடும் முறையைப் பக்கத்து அறைக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடவேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் குளிர்பானக் கேனுக்கும் விலையோடு 25 சென்ட் ஃபாண்ட் சேர்த்து வாங்குவார்கள், காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். மதிய உணவுக்கு மென்சா என்னும் மாணவர் உணவகமே மலிவு. புளூகார்டு என்னும் மாணவர் அட்டையில் பணம் ஏற்றிச் செலுத்தலாம். ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்று அதைக் கசக்கி எறியாதீர்கள். கட்டணம் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ, வேகேயில் ஒருவர் கட்டினால் மற்றவர்கள் பங்கு கொடுத்தால் போதும்.

படிப்பில் கவனிக்கவேண்டியது தேர்வுப் பதிவு. வகுப்பில் சேர்ந்திருப்பதால் மட்டும் தேர்வு எழுதும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த காலத்துக்குள் இணையத்தில் தனியாகப் பெயர் கொடுக்கவேண்டும், தயாராக இல்லையென்றால் குறித்த நாளுக்குள் விலகவும் வேண்டும். ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடம் ஒன்றில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்து நீக்கப்படுவதோடு, அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடரமுடியாமல் போகலாம். 'அரியர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் ஊர்ப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்வது இதனால்தான். மதிப்பெண் 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. முதல் அரையாண்டிலேயே ஆறேழு பாடங்களுக்குப் பெயர் கொடுப்பதைவிட, மூன்று நான்கை எடுத்து ஒழுங்காக முடிப்பதே என் பார்வையில் அறிவுடைமை.

அட்டவணையில் சி.டி. என்று குறித்திருந்தால் வகுப்பு கால்மணி நேரம் கழித்துத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சொன்ன நேரத்துக்கே. விரிவுரை முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அது கைதட்டலுக்குச் சமம். பேராசிரியரை 'சார்' என்று அழைக்கும் வழக்கம் இல்லை. ஜெர்மனில் ஹேர் (திரு) அல்லது ஃபிராவ் (திருமதி) என்று தொடங்கிக் குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும். சந்தேகம் கேட்பதற்கென்று அவர்கள் ஒதுக்கும் நேரத்தில் போய்க் கேளுங்கள். கேட்காமல் பின்வரிசையில் அமர்ந்திருப்பதை இங்கே யாரும் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும், வேலை தேடும் நாளில் ஜெர்மன் தெரியாதது பெரிய தடையாகும் என்பதால், பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்பில் முதல் அரையாண்டே சேர்ந்துவிடுங்கள். படிக்கும் காலத்தில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆய்வகங்களில் கிடைக்கும் ஹிவி என்னும் மாணவர் உதவியாளர் வேலை உணவக வேலையைவிடப் படிப்புக்கு உகந்தது.

அக்டோபர் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்புவார்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்த வாரங்களில் அறைக்குள்ளேயே முடங்கிவிடாமல், பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் வகுப்பு ஒன்றில் குறைந்த கட்டணத்தில் சேர்ந்துகொள்ளலாம். மனம் சோர்ந்து உறக்கம் கெட்டால் மாணவர்களுக்கான உளவியல் ஆலோசனை இருக்கிறது. அங்கே போவதைக் குறையாக நினைப்பவர் யாருமில்லை. அவசர மருத்துவ உதவிக்கு 112, காவல்துறைக்கு 110, உயிராபத்து இல்லாத இரவு நேரக் காய்ச்சலுக்கு 116117.

தமிழ் கேட்கவேண்டும் என்று தோன்றினால் ஈழத்தமிழர்களின் கடைகளுக்குப் போங்கள். 1980களிலிருந்து இந்த மாநிலத்தில் குடியேறி வாழும் அவர்கள்தான் அரிசியிலிருந்து கறிவேப்பிலை வரை கிடைக்கச் செய்தவர்கள். 'அண்ணை', 'அக்கா' என்று தொடங்கினால் வீட்டுச் செய்தி வரை பேச்சு நீளும். அவர்களுடைய முயற்சியில் எழுந்து 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் இருக்கிறது. ஆகனிலிருந்து புறப்படும் ஆர்.இ.1 ரயில் கொலோன், டுசல்டார்ஃப், டார்ட்மண்ட் வழியாக, வண்டி மாறாமலே, ஹாம் வரை செல்கிறது; அங்கிருந்து பேருந்து. உங்கள் அரையாண்டுக் கட்டணத்தோடு வரும் பயணச்சீட்டே இதற்குச் செல்லும், ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களுக்குத்தான் செல்லாது. கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். சாதாரண ஞாயிறுகளில் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் அரையாண்டு முடியும் தறுவாயில் தேர்வு மும்முரத்தில் பலர் மறந்துவிடுவது அடுத்த அரையாண்டுக்கான மறுபதிவு. குறித்த நாளுக்குள் கட்டணத்தைச் செலுத்தினாலே அது நடந்துவிடும். செலுத்தாவிட்டால் பெயர் நீக்கப்படும், பெயர் நீங்கினால் மாணவர் என்ற முறையில் பெற்ற வதிவிட அனுமதியும் காப்பீடும் ஆட்டம் காணும். பணம் அனுப்பும்போது மாணவர் எண்ணைக் குறிப்பிடுங்கள், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், பதிவு ஏறிவிட்டதா என்று இணையத்தில் பார்த்துப் புதிய சான்றிதழைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.