"ஒண்ணுமில்ல" என்று சொல்லும் குழந்தையிடம் எப்படிப் பேசுவது?

பள்ளி விட்டு வந்ததும் "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும், ஏனென்றால் ஆறு ஏழு வயதில் மனசுக்குள் இருப்பதைச் சொல்ல வார்த்தை போதாது. அந்த வார்த்தையை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறதா, "என்ன ஆச்சு, சொல்லு" என்று நச்சரிக்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கோபமா, இல்ல யாரும் விளையாடக் கூப்பிடலைன்னு வருத்தமா?" என்று கேளுங்கள். நம் ஊகம் தவறினாலும் பரவாயில்லை, "இல்ல, வெட்கமா இருந்துச்சு" என்று குழந்தையே திருத்தும், நமக்கு வேண்டியதும் அதுதான். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்குவதை உளவியல் ஆய்வாளர் மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்தே சொன்னார்கள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" மட்டும் வேண்டவே வேண்டாம், அதைக் கேட்ட குழந்தை அடுத்த முறை வாயே திறக்காது.

அழுகை உச்சத்தில் இருந்தால் எதுவும் காதில் ஏறாது. அப்போது விரல் நுனியை மெழுகுவர்த்தியாக நினைத்துக்கொண்டு மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள், மூச்சு விடுவது நீளும்போது இதயத் துடிப்பு தணியும். அப்புறம் பேசலாம்.