ரிசர்வ் டியூட்டியில் புது பைலட்டுகள் செய்யும் தவறுகள்

அமெரிக்க விமான நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பைலட்டுக்கு முதல் சில மாதங்கள் பெரும்பாலும் ரிசர்வில், அதாவது அழைப்புக்குக் காத்திருக்கும் டியூட்டியில்தான் கழியும். இன்ன தேதியில் இன்ன விமானம் என்று அட்டவணை கிடையாது. யாருக்காவது காய்ச்சல், எங்காவது பனிப்புயல் என்றால் பைலட்டுகளுக்கு வேலை ஒதுக்கும் க்ரூ ஷெட்யூலிங் பிரிவிலிருந்து போன் வரும். இதற்கான விதிகள் அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் பார்ட் 117 என்ற விதித் தொகுப்பில் உள்ளன. 2014 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கின்றன.

அதிகம் பேர் சறுக்குவது, போன் வந்த நேரத்திலிருந்து கணக்குப் போடுவதில். கூப்பிட்டதும் சீக்கிரம் கிளம்ப வேண்டிய ஷார்ட் கால் ரிசர்வில் காத்திருப்பு ஆரம்பித்த நிமிடமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதிகாலை 4 மணிக்கு உங்கள் ரிசர்வ் தொடங்குகிறது என்று வையுங்கள். நண்பகலில் போன்: 2 மணிக்கு வாருங்கள், போய்த் திரும்பும் ஒரு டிரிப். வழக்கமாக அந்த நேரத்தில் பணி தொடங்கும் இரண்டு பைலட் குழுவுக்கு 12 மணி நேரப் பணி வரம்பு உண்டு. அதாவது நள்ளிரவு தாண்டி 2 மணி வரை. ரிசர்விலிருந்து வருபவருக்கோ காத்திருப்பும் பணியும் சேர்ந்து 16 மணி நேரம்தான். இரவு 8 மணிக்கு வரம்பு முடிந்துவிடும். கையில் இருப்பது வெறும் 6 மணி நேரம்! எதிர்பாராத தாமதம் வந்தால், கேப்டன் சம்மதத்தோடு 2 மணி நேரம் வரை கூடுதலாக நீட்டிக்கலாம். ஆனால் கிளம்பும் முன்பே அரை மணிக்கு மேல் நீட்டினால், தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு எடுக்காமல் இன்னொரு முறை அப்படி நீட்ட முடியாது.

‘கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவதும் சரியில்லை. வரம்பு மீறிய வேலையை நிறுவனம் கொடுப்பதும் தவறு, பைலட் ஏற்பதும் தவறு. புயல் நாளில் டிரிப்பை நாலு முறை மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஏர்போர்ட் ஸ்டாண்ட்பையை ஷார்ட் கால் மாதிரி நினைக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும் நேரம் முழுதும் பணி நேரம்தான். நிறைய நேரம் முன்பே அழைக்கும் லாங் கால் ரிசர்வில் வேறு குழப்பம்: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கிடைத்தாக வேண்டும். அதிகாலை 2 முதல் 6 வரையிலான நேரத்துக்குள் நீளும் பணி என்றால் 12 மணி நேரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

என் பார்வையில் மோசமான தவறு, வேறு ஊரில் குடியிருந்துகொண்டு கடைசி விமானத்தில் தொற்றி வேலைக்கு வருவது. விதியின் கண்ணில் அந்தப் பயணம் பணி அல்ல. உடம்புக்கோ அது பணிதான். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே 50 பேர் இறந்த கோல்கன் ஏர் விபத்தில், துணை விமானி முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து நியூவர்க்குக்குப் பயணம் செய்து வந்திருந்தார். பார்ட் 117 பிறந்ததற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். களைப்பாக இருந்தால் அதைச் சொல்லி மறுப்பது பைலட்டின் கடமை என்றே இப்போது விதி இருக்கிறது. மறுத்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

அப்புறம், கேப்டன் பதவி வந்தது என்று அவசரப்பட்டு எடுப்பவர்கள். யாருக்கு எந்த வேலை என்பதை முடிவு செய்யும் சீனியாரிட்டிப் பட்டியலில், புது இருக்கையில் அடியில்தான் பெயர் இருக்கும். சம்பளம் ஏறும், ஆனால் கிறிஸ்துமஸுக்கு மறுபடியும் போனும் கையுமாக ரிசர்வ்.