முதல் சீட்டைத் தொடும் முன்: பிரிட்ஜ் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சனிக்கிழமை மதியம் பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பிரிட்ஜ் சங்கத்துக்கு முதல் முறையாக வருகிறவர்களில் பலர் கையில் ஒரு கட்டுத் தாளோடு வருகிறார்கள். ஏல முறைகளையெல்லாம் அச்சடித்து, கோடு போட்டு, மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் டம்மியின், அதாவது எதிரே இருக்கும் ஜோடியின், சீட்டுகள் மேசையில் விரிந்ததும் கை நடுங்கி, கண்ணில் பட்ட முதல் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள். தோல்வி பெரும்பாலும் அந்த ஒரு சீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் நான் வேறு வரிசையில் சொல்லித் தருகிறேன். ஏலத்தைப் போதுமான அளவுக்கு மட்டும் தொட்டுவிட்டு, எண்ணுவதில் நேரம் செலவிடப் போகிறோம்.

வீட்டில் இருபத்தெட்டோ, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பமாக இருந்தால் முந்நூற்று நாலோ ஆடியிருக்கிறீர்களா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. எதிரும் புதிருமாக உட்காரும் ஜோடி, ஏலம், துருப்பு எல்லாம் உங்களுக்குப் பழக்கம். மறக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆட்டங்களில் ஜாக்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. பிரிட்ஜில் ஆஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து என்று நேராக இறங்கி இரண்டில் முடியும்.

சீட்டு என்றாலே சூதாட்டம் என்று வீட்டில் முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்: 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா–பாலெம்பாங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜும் ஒரு பதக்க விளையாட்டு. ஆண்கள் இரட்டையரில் தங்கம் வாங்கிய இந்தியர்கள் பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. எங்கள் சங்கத்தில் பணம் வைத்து ஆடுவதில்லை. மண்டப வாடகைக்கும் தேநீருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பதோடு சரி.

முதல் படி: உட்காருவதும் பிடி எடுப்பதும்

நாலு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. வடக்கும் தெற்கும் ஒரு ஜோடி, கிழக்கும் மேற்கும் இன்னொரு ஜோடி. ஒருவர் ஒரு சீட்டைப் போட்டால் மற்ற மூவரும் அதே இனத்தில் போட வேண்டும். இனம் கையில் இல்லையென்றால் துருப்பால் (ஏலத்தில் முடிவாகும், மற்ற இனங்களை வெல்லும் இனம்) வெட்டலாம், அல்லது வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். நாலு சீட்டும் விழுந்ததும் அது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. பிடித்தவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

வீட்டில் நாம் இஸ்பேட், ஆர்டின், டைமன், கிளாவர் என்கிறோம். மேசையில் ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்பார்கள். எதிரே மலாய்க்காரரோ சீனரோ இருக்கலாம், பக்கத்தில் நம் ஊர் அக்கா இருக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக ஏலம் ஆங்கிலச் சொற்களில்தான். மொத்தமே பதினைந்து சொல்லுக்குள் அடங்கிவிடும், பயப்படாதீர்கள். சங்கத்தில் அதையும் வாயால் சொல்வதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஏல அட்டைகள் உள்ள சிறு பெட்டி இருக்கும், அதிலிருந்து எடுத்து வைத்தால் போதும்.

இரண்டாம் படி: கையை மதிப்பிட்டு ஏலம் கேட்பது

சீட்டை விசிறியாக விரித்ததும் ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கூட்டுங்கள். கட்டு முழுவதிலும் 40 புள்ளிதான். ஆக, சராசரிக் கைக்கு 10.

ஏலத்தில் ‘ஒன் ஹார்ட்’ என்றால் ஹார்ட் துருப்பாக ஏழு பிடி எடுப்பேன் என்று பொருள். சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே துருப்பே இல்லாத ‘நோ ட்ரம்ப்’ என்பது ஏணி. அடுத்து கேட்பவர் ஏணியில் மேலே ஏற வேண்டும், அல்லது பாஸ். ஒரு கேள்விக்குப் பிறகு மூன்று பேர் தொடர்ந்து பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது.

ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். கையில் 12 புள்ளியும் அதற்கு மேலும் இருந்தால் ஏலத்தைத் தொடங்குங்கள். ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ ஐந்து சீட்டு இருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிளப், டைமண்டில் நீளமானதை. எல்லா இனமும் ஏறக்குறைய சமமாக இருந்து 15 முதல் 17 புள்ளி வந்தால் ‘ஒன் நோ ட்ரம்ப்’. எதிரே இருக்கும் உங்கள் ஜோடி ஏலத்தைத் தொடங்கி, உங்களிடம் 6 புள்ளி இருந்தால் வாய் திறந்து பதில் சொல்லுங்கள். இருவர் கையும் சேர்ந்து 25க்கு மேல் போகும் என்று தெரிந்தால் ‘கேம்’ (பெரிய போனஸ் தரும் அளவு) வரை போகத் துணியுங்கள். நோ ட்ரம்பில் அது மூன்று, ஹார்ட்டிலும் ஸ்பேடிலும் நாலு, கிளப்பிலும் டைமண்டிலும் ஐந்து.

ஏன் துணிய வேண்டும்? ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் 1925இல் ஒரு கப்பல் பயணத்தில் உருவாக்கிய மதிப்பெண் முறையைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறோம். அதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: எத்தனை பிடி எடுத்தாலும், ஏலத்தில் கேட்டதற்குத்தான் போனஸ். நோ ட்ரம்பில் ஒன்பது பிடி எடுத்தால் அடிப்படை மதிப்பெண் 100. அதை ‘த்ரீ’ என்று கேட்டு எடுத்திருந்தால் மேலே 300 போனஸ் சேரும். ‘டூ’வில் நின்றுவிட்டு அதே ஒன்பதை எடுத்தால் வெறும் 50 போனஸ். ஒரே உழைப்புக்கு 400ஆ, 150ஆ என்பதை ஏலம் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: டம்மி விரிந்ததும் நிறுத்துங்கள்

ஏலத்தில் வென்ற ஜோடியில், அந்த இனத்தை முதலில் சொன்னவர்தான் ஆட்டத்தை நடத்துவார். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டைப் போட்டதும், எதிரே இருக்கும் ஜோடி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அவர்தான் டம்மி. இப்போது 26 சீட்டும் உங்கள் பொறுப்பு.

இந்த இடத்தில் நான் தவறியதைச் சொல்கிறேன். எங்கள் சங்கத்தின் உள்போட்டி ஒன்றில் எனக்கு வந்த கை இது:

தெற்கு (நான்): ஸ்பேட் ஆஸ், 8, 5. ஹார்ட் ஆஸ், ராஜா, 4. டைமண்ட் 9, 8, 4. கிளப் ஆஸ், ராணி, 6, 3.

வடக்கு (டம்மி): ஸ்பேட் 7, 4. ஹார்ட் ராணி, 7, 3. டைமண்ட் ஆஸ், ராணி, ஜாக், 10, 5. கிளப் ஜாக், 5, 2.

எனக்கு 17 புள்ளி, ‘ஒன் நோ ட்ரம்ப்’ கேட்டேன். எதிரே 10 புள்ளி, நேராக ‘த்ரீ நோ ட்ரம்ப்’. ஒன்பது பிடி வேண்டும். மேற்கு ஸ்பேட் ராஜாவைப் போட்டார். என்னிடம் ஆஸ் இருக்கிறதே என்று உடனே பிடித்தேன். டைமண்ட் 9ஐப் போட்டேன். மேற்கில் ராஜா இருந்தால் சிக்கும் என்ற கணக்கு. கிழக்கு ராஜாவால் பிடித்து ஸ்பேட் திருப்பினார். மேற்கு வரிசையாக நாலு ஸ்பேட் எடுத்தார். டைமண்ட் ஒன்று, ஸ்பேட் நாலு, மொத்தம் ஐந்து போய், ஒரு பிடி குறைந்து விழுந்தேன்.

என் ஜோடி ஓய்வுபெற்ற ஆசிரியை. மேசையில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆட்டமெல்லாம் முடிந்து பசியாற இறங்கியபோது, தேத்தண்ணி வரும் வரைக்கும் காத்திருந்து மெதுவாகக் கேட்டார்: “தம்பி, அந்த ஆஸ் எங்க ஓடிப் போயிடப் போவுது?”

அவர் சொல்லித் தந்த முறை இதுதான். முதல் சீட்டைத் தொடும் முன் நிச்சயமான பிடிகளை எண்ணு. ஸ்பேட் ஒன்று, ஹார்ட் மூன்று, டைமண்ட் ஒன்று, கிளப் ஒன்று, ஆக ஆறு. இன்னும் மூன்று எங்கிருந்து வரும்? டைமண்டிலிருந்து. அங்கே ராஜாவை இழந்தாலும் நாலு பிடி உறுதி, ஒன்பது வந்துவிடும். அப்படியானால் ஆபத்து எது? டைமண்ட் ராஜாவோடு உள்ளே வருகிறவர் கையில் இன்னும் ஒரு ஸ்பேட் இருப்பது மட்டுமே.

அந்த ஆபத்தை ஒழிக்க ஆஸை உடனே போடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். முதல் சுற்றில் 5, இரண்டாவதில் 8, மூன்றாவதில் ஆஸ். மேற்கிடம் ஐந்து ஸ்பேட் இருந்தால் கிழக்கிடம் மூன்றுதான், மூன்று சுற்றில் அவர் கை காலி. இப்போது டைமண்ட் ஆடுங்கள். கிழக்கு ராஜாவால் பிடித்தாலும் திருப்ப ஸ்பேட் இல்லை. ஸ்பேட் நாலு நாலாகப் பிரிந்திருந்தால்? கிழக்கிடம் இன்னும் ஒன்று இருக்கும், ஆனால் எதிரணி மொத்தம் மூன்று ஸ்பேடும் ஒரு டைமண்டும்தான் எடுக்க முடியும், நமக்கு ஒன்பது தப்பாது.

இன்னொரு பொறி இருக்கிறது. டைமண்ட் ராஜாவால் பிடித்த கிழக்கு, கிளப் திருப்பினால் ராணியைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், ஆஸைப் போடுங்கள். மேற்கில் கிளப் ராஜா இருந்துவிட்டால், மீதி இரண்டு ஸ்பேடும் அவருக்கே. கையிலிருக்கும் ஒன்பதை விட்டுவிட்டுப் பத்துக்குப் போவது அந்த நிலையில் நியாயமில்லை.

இந்த ஒரு கையை நான் எத்தனை புதியவர்களுக்கு விரித்துக் காட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எண்ணுவது, குறைவது எவ்வளவு என்று பார்ப்பது, ஆபத்து யார் கையில் என்று கேட்பது ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

சில எண்களை நினைவில் வைத்தால் எண்ணுவது எளிதாகும். ஒரு இனத்தில் எதிரணியிடம் ஐந்து சீட்டு இருந்தால் 3–2 ஆகப் பிரிய வாய்ப்பு 68 விழுக்காடு. ஆறு இருந்தால் 3–3 ஆகப் பிரிவது 36 விழுக்காடுதான், 4–2 என்பது 48. எதிரணியில் ராஜா எந்தப் பக்கம் என்று எந்தத் துப்பும் இல்லாமல் ஊகித்துப் போவது சரிபாதி.

நாலாம் படி: எதிர்த்து ஆடும்போது

பாதி நேரம் நீங்கள் எதிரணியாக உட்காருவீர்கள். துருப்பில்லாத ஆட்டத்தில் உங்கள் நீளமான இனத்திலிருந்து மேலிருந்து நாலாவது சீட்டைப் போடுங்கள். ராஜா, ராணி, ஜாக் என்று தொடர்ச்சியாக இருந்தால் உச்சிச் சீட்டு. சுற்றில் இரண்டாவதாக ஆடும்போது பொதுவாகச் சின்னது, மூன்றாவதாக ஆடும்போது பெரியது. ஜோடி போட்ட இனத்தையே திருப்பிப் போடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். நல்ல காரணம் கிடைக்கும் வரை அதை மீறாதீர்கள்.

ஐந்தாம் படி: போட்டி நாள்

சங்கப் போட்டிகளில் சீட்டு நல்லதா கெட்டதா என்பது பெரிதில்லை. ஒவ்வொரு கையும் நாலு அறையுள்ள ஒரு போர்டில் அடைத்து மேசைக்கு மேசை நகரும். நீங்கள் ஆடிய அதே சீட்டை மற்ற மேசைகளில் உங்கள் திசையில் உட்கார்ந்தவர்களும் ஆடுவார்கள். அவர்களில் எத்தனை ஜோடியை முந்தினீர்களோ ஜோடிக்கு இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று. புள்ளியே இல்லாத கை வந்தாலும் குறைவாகத் தோற்றால் நல்ல மதிப்பெண் உண்டு. எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதே இதனால்தான்.

இதனாலேயே சீட்டை நடுவில் வீசக் கூடாது. போட்டதை உங்கள் முன்னாலேயே கவிழ்த்து வையுங்கள், பிடி கிடைத்தால் நெடுக்காக, இழந்தால் குறுக்காக. கடைசியில் 13ஐயும் எடுத்து வந்த அறையிலேயே திரும்பச் செருக வேண்டும். செருகும் முன்பும், அடுத்த கையை எடுத்ததும், பதின்மூன்று இருக்கிறதா என்று முதுகுப்புறமாக எண்ணிப் பாருங்கள். ஒரு சீட்டு இடம் மாறினால் பின்னால் ஆடுகிற அத்தனை மேசைக்கும் அந்தக் கை பாழ்.

இனம் கையில் இருந்தும் தவறி வேறு போட்டுவிட்டீர்களா? மறைக்காதீர்கள். கையைத் தூக்கி “டைரக்டர்” என்று கூப்பிடுங்கள். அது சண்டைக்கு அழைப்பது இல்லை, நடுவர் வந்து விதிப்படி சரிசெய்வார். ஜோடி கேட்ட ஏலத்துக்கு முகம் சுளிப்பது, பெருமூச்சு விடுவது, சீட்டை வேகமாக அடிப்பது எல்லாம் சைகை கொடுப்பதாகவே கொள்ளப்படும். முதல் நாளிலிருந்தே முகத்தை ஒரே மாதிரி வைத்துப் பழகுங்கள்.

வரும் சனிக்கிழமைக்கு முன் ஒரு வேலை. ஒரு கட்டுச் சீட்டை எடுத்து, மேலே எழுதிய இரண்டு கையையும் பிரித்து வையுங்கள். மேற்குக்கு ஸ்பேட் ராஜா, ராணி, ஜாக், 10, 2ம் கிளப் ராஜாவும், கிழக்குக்கு ஸ்பேட் 9, 6, 3ம் டைமண்ட் ராஜாவும் கொடுத்து, மீதியை எப்படி வேண்டுமானாலும் பங்கிடுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் நாலு கையையும் நீங்களே ஆடலாம். ஒரு முறை ஆஸால் முதலிலேயே பிடித்து ஆடுங்கள், இன்னொரு முறை மூன்றாம் சுற்றில்.