வேரிலிருந்து இலை வரை: செடி தண்ணீர் ஏற்றுவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் செடியின் உடம்பில் தங்குவதே இல்லை. தண்டு வழியாக ஏறி, இலை வழியாக ஆவியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. மீதிதான் வளர்ச்சிக்கும் உணவு தயாரிப்புக்கும் போகிறது. இவ்வளவு தண்ணீரைச் செடி எப்படி மேலே கொண்டுபோகிறது? கீழேயிருந்து தள்ளுகிறதா, மேலேயிருந்து இழுக்கிறதா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள்.

தேவையானவை அதிகமில்லை. மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா, டிஷ்யூ பேப்பர், கொஞ்சம் கடுகு, ஓர் உருளைக்கிழங்கு, உப்பு, சில கண்ணாடி டம்ளர்கள், சிவப்பு அல்லது நீல ஃபுட் கலர், சமையல் எண்ணெய், வாஸ்லின், மார்க்கர் பேனா, கூரான பிளேடு. சிறுவர்கள் செய்வதாக இருந்தால் பிளேடு வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 1: வேர்த்தூவிகளைக் கண்ணால் பார்ப்பது

டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து டப்பாவின் அடியில் போட்டு நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, ஈரம் இருந்தால் போதும். மேலே பத்துப் பதினைந்து கடுகைத் தூவி மூடிவையுங்கள். முள்ளங்கி விதையும் நன்றாக வரும். இரண்டு மூன்று நாளில் வேர் நீண்டிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் வேரைச் சுற்றி மெல்லிய வெள்ளை ரோமங்கள் தெரியும். அவைதான் வேர்த்தூவிகள்.

இதைப் பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. வேர்த்தூவி வேரின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும் எல்லாப் பக்கமும் சீராக நிற்கும். பூஞ்சை விதை, பேப்பர் என்று பார்க்காமல் கண்டபடி படரும்.

ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. மண் துகள்களுக்கு நடுவே உள்ள மிகச் சின்ன இடைவெளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் தடித்த வேரால் தொட முடியாது. இந்தத் தூவிகளால் முடியும். 1937இல் டிட்மர் என்ற தாவரவியலாளர், ரை என்னும் தானியச் செடி ஒன்றை நான்கு மாதம் பெட்டியில் வளர்த்து, அதன் வேர்களைக் கணக்கெடுத்தார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. வேர்த்தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி. ஒரே ஒரு செடிக்கு இவ்வளவு!

படி 2: தண்ணீர் உள்ளே நுழையும் விதம்

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, ஒரே அளவில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு டம்ளரில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் இரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீர். இரண்டிலும் துண்டுகளைப் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு எடுத்து வளைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது தொய்ந்து வளையும்.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரை விடும், கரைந்திருக்கும் பொருள்களை எளிதில் விடாது. கரைபொருள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான். வேர்த்தூவிக்குள் இருக்கும் சாறு, சாதாரண மண்ணில் உள்ள நீரைவிட அடர்த்தியானது. அதனால் தண்ணீர் உள்ளே வருகிறது.

சவ்வில் தண்ணீர் போவதற்கென்றே தனிப் புரத வாயில்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் அக்வாபோரின். இவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாயில்கள் முக்கியம். தண்ணீர் தேங்கி மண்ணில் ஆக்சிஜன் இல்லாமல் போனால், வேர்ச் செல்களில் இவை மூடிக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போதே செடி வாடும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவது செடிக்குச் செய்யும் கெடுதல்.

உரம் அதிகமானால் செடி கருகுவதும் உப்புத் தண்ணீர்க் கிழங்கின் கதைதான். மண்ணில் உள்ள நீர் வேரின் சாற்றைவிட அடர்த்தியாகிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

படி 3: இங்கே செய்ய ஒன்றுமில்லை, படித்துவிட்டுப் போங்கள்

வேருக்குள் நுழைந்த தண்ணீர் இரண்டு வழியில் நகரலாம். செல் சுவர்களின் இடுக்கு வழியாகவே போவது ஒன்று. ஒரு செல்லுக்குள்ளிருந்து அடுத்த செல்லுக்குள் போவது மற்றொன்று. ஆனால் வேரின் நடுப்பகுதிக்கு முன்னால் அகத்தோல் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் செல் சுவர்களில் நீர் புகாத காஸ்பேரியன் பட்டை ஓடுவதால் இடுக்கு வழி அங்கே அடைபட்டுவிடும். எல்லாத் தண்ணீரும் ஏதாவது ஒரு செல் சவ்வைத் தாண்டித்தான் உள்ளே போயாக வேண்டும். எந்த உப்பை அனுமதிப்பது, எதை நிறுத்துவது என்பது அங்கே முடிவாகிறது.

படி 4: வண்ணத் தண்ணீரை ஏறவிடுவது

இது எல்லோருக்கும் பிடித்த படி. வெள்ளைப் பூ உள்ள தண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காசித்தும்பை கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் தண்டு கிட்டத்தட்டக் கண்ணாடி, உள்ளே நிறம் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். தண்டின் அடியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தபடியே சாய்வாக வெட்டுங்கள். ஏன் தண்ணீருக்குள் என்பது படி 6இல் வரும். அரை டம்ளர் தண்ணீரில் தாராளமாக ஃபுட் கலர் கலந்து, தண்டை நிறுத்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் இலை நரம்புகளிலும் இதழ் ஓரங்களிலும் நிறம் வரும். சில பூக்கள் ஓர் இரவு எடுத்துக்கொள்ளும்.

இப்போது தண்டைக் குறுக்கே மெல்லிசாக வெட்டிப் பாருங்கள். முழுத் தண்டும் நிறமாகியிருக்காது. சில புள்ளிகள் மட்டும் நிறமேறியிருக்கும். அந்தப் புள்ளிகள்தான் சைலம் என்ற நீர்க்குழாய்கள். தண்டை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்பிலும் மறு பாதியை நீலத்திலும் நிறுத்தினால் பூ இரு நிறமாகும்.

சைலக் குழாய்களைப் பற்றி ஒன்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். அவை இறந்த செல்கள். வளர்ந்து முடித்ததும் உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து, தடித்த சுவர் மட்டும் நிற்கிறது. அங்கே தண்ணீரைத் தள்ள உயிருள்ள எதுவும் இல்லை. இன்னொன்றும் கவனித்தீர்களா? உங்கள் பூத்தண்டில் வேரே இல்லை. ஆனாலும் தண்ணீர் ஏறியது.

படி 5: குடிப்பது யார்?

ஒரே செடியிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு கிளைகளை வெட்டுங்கள். ஒன்றில் எல்லா இலைகளையும் உருவிவிடுங்கள். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் நிறுத்தி, ஒரே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மூடியிருப்பதால் தண்ணீர் தானாக ஆவியாகாது. மட்டத்தை மார்க்கரால் குறித்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இலையுள்ள கிளையின் பாட்டிலில் மட்டம் தெளிவாக இறங்கியிருக்கும். மற்றதில் பெயருக்குத்தான் இறங்கியிருக்கும். இதையே மின்விசிறிக்கு முன்னாலும், மூடிய அறையிலும், வெயிலிலும் வைத்து ஒப்பிடலாம். ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட நூலில், தொட்டியின் வாயை மூடி, சூரியகாந்தியைத் தொட்டியோடு எடைபோட்டு இதே கணக்கைத்தான் போட்டார்.

அடுத்து இலையில் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அகலமான இலைகள் நான்கை காம்போடு பறித்து, நான்கின் காம்பு முனையிலும் வாஸ்லின் அடைத்துவிடுங்கள். முதல் இலையை அப்படியே விடுங்கள். இரண்டாவதின் மேல்பக்கத்திலும், மூன்றாவதின் அடிப்பக்கத்திலும், நான்காவதின் இரு பக்கமும் வாஸ்லின் தடவி, நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் முதல் இலையும் இரண்டாவது இலையும் மற்றவற்றுக்கு முன்னால் சுருங்கும். பெரும்பாலான செடிகளில் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம் என்பது இதிலிருந்து தெரிகிறது. அல்லி இலையில் இது செல்லாது. தண்ணீரில் மிதப்பதால் அதற்குத் துளைகள் மேல்பக்கத்தில்.

துளையை மூடியே வைத்தால் தண்ணீர் மிச்சமாகுமே என்று கேட்கலாம். மூடினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, உணவு தயாரிப்பு நின்றுவிடும். அதனால் துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் நீர் ஏறி உப்பினால் துளை திறக்கிறது, தொய்ந்தால் மூடுகிறது.

படி 6: தள்ளுகிறதா, இழுக்கிறதா?

தள்ளுவதும் கொஞ்சம் உண்டு. தொட்டிச் செடிக்கு மாலையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்கப் பாலித்தீன் பையால் மூடிவையுங்கள். புல்லும் தக்காளியும் இதற்கு ஏற்றவை. காலையில் இலை நுனிகளிலும் ஓரங்களிலும் வரிசையாகத் துளிகள் நிற்கும். பனித்துளி இலை முழுக்கப் பரவும், இது நுனியிலும் ஓரத்திலும் மட்டும் வரும். வேர் உப்புகளை உள்ளே சேர்த்து, அதன் பின்னால் தண்ணீர் வந்து, அழுத்தம் கூடுவதால் நடப்பது இது. ஆனால் வேர் அழுத்தம் பொதுவாக ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டுவதில்லை. அதை வைத்து 10, 20 மீட்டர் ஏற்றலாம். கலிஃபோர்னியாவில் 115 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் மரம் நிற்கிறது. குறுகிய குழாயில் தண்ணீர் தானாக ஏறும் தந்துகிக் கவர்ச்சியாவது உதவுமா என்றால், 40 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாயில் முக்கால் மீட்டர் அளவுதான் ஏறும்.

உயிருள்ள செல்கள் துடித்துத் தண்ணீரை ஏற்றுகின்றன என்று ஜகதீஷ் சந்திர போஸ் 1923இல் வாதிட்டார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் சான்றுகள் அவர் பக்கம் இல்லை. அவருக்கு முன்பே ஸ்ட்ராஸ்புர்கர் என்ற ஜெர்மானியர், வெட்டிய மரங்களை நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். செல்கள் செத்த பிறகும் நீர் ஏறியது.

இன்று ஏற்கப்படும் விளக்கத்தை டப்ளினில் டிக்ஸன், ஜாலி இருவரும் 1894இல் முன்வைத்தார்கள். இலைக்குள் செல் சுவர்களிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அந்த இடத்துக்குப் பின்னாலிருக்கும் நீர் இழுபடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றியிருப்பதால் இழுவை வேர் வரை போகிறது. கிணற்றுக் கயிற்றின் மேல்முனையை இழுத்தால் அடிமுனையும் கூடவே வருகிறது அல்லவா? சைலத்துக்குள் தண்ணீரே கயிறு. இழுக்கும் சக்தி வெயிலுடையது, செடி அதற்காகப் பெரிதாக எதையும் செலவழிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று மரத்தின் சுற்றளவு. நுட்பமான கருவி வைத்து அளந்தால், பகலில் அடிமரம் மிகக் கொஞ்சம் மெலிந்து இரவில் பழைய அளவுக்குத் திரும்பும். உள்ளேயிருந்து தள்ளினால் மரம் உப்ப வேண்டும். மெலிகிறது என்றால் உள்ளே இழுவை இருக்கிறது.

இழுபட்டு நிற்கும் கயிறு அறுந்துபோகவும் செய்யும். குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்தால் அந்தக் குழாயில் ஓட்டம் நின்றுவிடும். 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர், வாடும் ஆமணக்கு இலையில் இப்படி அறுபடும்போது எழும் அதிர்வுகளைப் பதிவுசெய்தார்கள். பூத்தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டச் சொன்னது இதற்காகத்தான். காற்றில் வெட்டினால் இழுபட்டிருக்கும் நீர் உள்ளே பின்வாங்கும், காற்று புகுந்துவிடும்.

படி 7: உங்கள் தொட்டியில்

உச்சி வெயிலில் இலை தொங்கி, மாலையில் தானாக நிமிர்ந்தால் பதற வேண்டாம். ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். விடிகாலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள், தேங்கியிருக்கும் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்.

செடியை இடம் மாற்றும்போது படி 1இல் பார்த்த தூவிகளில் பெரும்பகுதி அறுந்துவிடும். அதனால் மாலையில் மாற்றுங்கள், வேரோடு மண்கட்டியும் உடையாமல் வரட்டும், புதுத் தூவிகள் வரும்வரை சில நாள் நிழலில் வையுங்கள். இலை மிக அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் கிள்ளிவிடலாம்.